விபுலானந்த அடிகளும் வித்தியாசாலைப் பரிபாலனமும்

பெரியார் ஒருவரை நினைவுகூருமிடத்து, அன்னார் இயற்றிய நூல்களையும் பெற்ற பட்டங்களையும் எடுத்துரைப்பது உலக வழக்கு. ஈழநாடு ஈன்ற துறவுச் செல்வராகிய சுவாமி விபுலானந்தரை எண்ணும்போதும் யாழ்நூலே முதற்கண் நம் நெஞ்சில் எழுகின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவர் தமிழ்ப் பேராசிரியராய் வீற்றிருந்த பெருமையை எம் மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் அடிகளாரின் வாழ்விலே மேடைக்கு வராத பகுதி ஒன்று உண்டு. கூரைக்கு ஓடு, ஆசிரியருக்கு வேதனம், விடுதிப் பிள்ளைகளுக்கு உணவு, வித்தியாபகுதிக்கு அறிக்கை என்று நாள்தோறும் ஓயாது நிற்கும் பாடசாலைப் பரிபாலனமே அப்பகுதி. காவியுடை தரித்த கையிலே கணக்குப் புத்தகமும் இருந்த வரலாறு அது. தேயிலை மலைகளின் நடுவே வாழ்ந்து, பிள்ளைகளின் படிப்பையே பெருஞ்செல்வமாக எண்ணும் ஊவா மக்களாகிய எமக்கு அவ்வரலாறு மிகவும் வேண்டப்படுவதாகலின், அதனையே இம்மலரில் எழுதப் புகுகின்றோம்.

அடிகளார் எமக்கு அயலார் அல்லர். பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாகக் கீழ்த்திசை நோக்கி இறங்கும் வீதி செங்கலடியிலே மட்டக்களப்பு நெடுஞ்சாலையுடன் கூடுகின்றது. அங்கிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால் காரைதீவு என்னும் பழம்பதி தோன்றும். ஆண்டுதோறும் எமது மாகாணத்துக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை வரும் அடியார்கள் நடந்து வருவதும் அக்கீழ்க்கரையோரமாகத்தான். அவ்வூரிலே சாமித்தம்பி, கண்ணம்மை என்னும் பெற்றோருக்கு 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிறந்த மைந்தரே பிற்காலத்தில் விபுலானந்தர் ஆனார். மயில்வாகனன் என்பது பிள்ளைத் திருநாமம்.

ஊர் ஆசிரியர் குஞ்சித்தம்பியிடம் எழுத்தறிந்த மயில்வாகனனார் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச் மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கற்றார். கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் 1908இல் தேறினார். கொழும்பிலே ஆசிரியர் பயிற்சி பெற்றார். அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியெய்தினார். 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார்.

இங்கே வாசகர் ஒன்றை உற்றுநோக்குதல் நன்று. சைவக் குடியிற் பிறந்த அவர் கற்ற ஆங்கிலப் பாடசாலைகளும் கற்பித்த கல்லூரியும் கிறிஸ்தவ மிஷன்களுக்குரியவை. அப்பாதிரிமார் பெருந்தொண்டு புரிந்தனர் என்பதை மறுப்பார் இலர். எனினும் அக்காலத்துச் சைவப் பிள்ளை ஒன்று ஆங்கிலம் கற்க விரும்பின் பெரும்பாலும் பிற சமயத்தார் வாயிலைத்தான் தட்டவேண்டியிருந்தது. இதற்குக் காரணம் யாது? சைவரிடம் அறிவோ பொருளோ இல்லாமையன்று. ஒரு கல்லூரியைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காக்கும் ஸ்தாபன ஒழுங்கு குறைவாயிருந்தமையே காரணம். இதனை இளமையிலேயே அவர் கண்கூடாகக் கண்டிருந்தார்.

அந்நாளைய ஒழுங்கைச் சிறிது விளக்குவோம். அரசினர் தாமே நடத்திய பாடசாலைகள் ஒருபுறமிருக்க, மிஷன்களும் சங்கங்களும் தனியாரும் நடத்தி, அரசினர் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் மறுபுறம் இருந்தன. இத்தகைய பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மனேஜர் இருத்தல் வேண்டும். காணியும் கட்டடமும் தளபாடமும் அவர் பொறுப்பு. ஆசிரியரை நியமிப்பவரும் விலக்குபவரும் அவரே. வித்தியாதரிசி வந்து வரவையும் தேர்ச்சியையும் பரிசோதிப்பார். அறிக்கை நன்றாயின் நன்கொடை கிடைக்கும். ஆகவே ஒரு பாடசாலையின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் மனேஜரின் குணத்தைப் பொறுத்திருந்தன. நல்லவர் வாய்த்தால் பாடசாலை கோயிலாகும். அல்லாதவர் வாய்த்தால் அது குடும்பச் சொத்தாகும், ஆசிரியர் கூலியாளாவர்.

இவ்வொழுங்கினுள்ளே மயில்வாகனனார் 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியரானார். அக்கல்லூரி 1910இல் உள்ளூர்ச் சைவப் பெருமக்களின் முயற்சியால் தோன்றியது. இளம் வயது, விஞ்ஞானப் பட்டம், பண்டிதர் பட்டம், கல்லூரித் தலைமை ஆகிய இவை அனைத்தும் ஒருங்கே வாய்த்த ஒருவர் ஆயுள் முழுவதும் அவ்வாசனத்தில் அமர்ந்து புகழொடு வாழ்ந்திருக்கலாம். அவரோ ஈராண்டில் அதனை விட்டு நீங்கி, 1922இல் சென்னை மயிலாப்பூர் ஸ்ரீ இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பிரமசரிய நெறியில் நின்று, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலானந்தர் ஆனார்.

துறவு பூண்டவர் காட்டுக்குப் போகவில்லை, பாடசாலைக்கே திரும்பினார். ஆனால் முன்னர் ஊதியம் பெறும் தலைமையாசிரியராய் இருந்தவர், இப்போது தமக்கென ஒரு சதமும் வேண்டாத ஊழியராய் வந்தார். இராமகிருஷ்ண மிஷன் 1897இல் சுவாமி விவேகானந்தரால் தொடங்கப்பெற்று, 1909இல் இந்தியாவில் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட ஸ்தாபனம். ஆண்டறிக்கை வெளியிடுதலும், வரவுசெலவைத் தணிக்கைக்கு உட்படுத்துதலும் அதன் நடைமுறை. உண்டியலில் விழுந்த பணம் யார் கைக்குப் போயிற்று என்று ஊரார் குசுகுசுக்கும் நிலை தோன்றாதபடி, கேட்பதற்கு முன்னரே கணக்கைக் காட்டிவிடும் ஒழுங்கு அது. சென்னையில் மடத்தில் வாழ்ந்த ஆண்டுகளில் இவ்வொழுங்கை அடிகளார் உடனிருந்து கண்டார்.

ஈழம் மீண்டபின், மட்டக்களப்புப் பகுதியில் ஆங்காங்கு சைவ அன்பர் தொடங்கித் தள்ளாடிக்கொண்டிருந்த பாடசாலைகளை மிஷனின் பரிபாலனத்தில் ஒன்றுசேர்க்கும் பணியில் அடிகளார் ஈடுபட்டார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வர வித்தியாலயமும், திருகோணமலை இந்துக் கல்லூரியும் மிஷனின் பொறுப்பில் வந்தன. சிற்றூர்ப் பாடசாலை ஒன்று தனித்து நின்றால், அதனைத் தொடங்கிய பெரியவர் கண்மூடியதும் வழக்கும் வாய்க்காலுமாய் முடிதல் கூடும். பலவும் ஒரே ஸ்தாபனத்தின் கீழ் வந்தால், ஒன்றின் குறையை மற்றொன்று தாங்கும். ஆசிரியரை இடம் மாற்றலாம். கணக்கை ஒரே முறையில் பேணலாம். மிஷனின் இலங்கைக் கிளை 1929இல் தனிச் சட்டத்தினால் கூட்டுத்தாபன நிலை பெற்றது. இதன் பொருள் பெரிது. காணியும் கட்டடமும் எந்தச் சுவாமியின் பெயரிலும் இல்லாமல், இறப்பில்லாத ஒரு ஸ்தாபனத்தின் பெயரில் நிற்கலாயின. நிருவகிப்பவர் மாறலாம், உடைமை மாறாது.

அதே 1929ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வாவியின் அக்கரையில், கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. தம் சமயச் சூழலில் இருந்தவாறே கீழ்மாகாணச் சிறுவர் ஆங்கிலமும் விஞ்ஞானமும் தமிழும் கற்பதற்கு அமைந்த சிறு கல்லூரி அது. தாமே முன்னின்று தோற்றுவித்த கல்லூரிக்குத் தம் பெயரையோ தந்தையார் பெயரையோ அடிகளார் சூட்டவில்லை. தீட்சை தந்த குருவின் பெயரைச் சூட்டினார். பெயர்ப் பலகையிலேயே பரிபாலனத்தின் முதற்பாடம் அடங்கியிருக்கின்றது எனலாம்.

இரண்டாம் பாடத்தை அவர் 1931இல் புகட்டினார். வித்தியாலயம் தொடங்கி ஈராண்டே ஆகியிருந்த வேளையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. குழந்தையை விட்டுப் போகமாட்டேன் என்று நிற்கும் தாயைப்போல அவர் கல்லூரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மிஷனைச் சேர்ந்த பிறரிடம் பொறுப்பு இருக்க, 1933 வரை சிதம்பரத்தில் பணியாற்றினார். தாம் இல்லாதபோதும் மணி அடிக்கின்றதா, வகுப்பு நடக்கின்றதா, கணக்கு எழுதப்படுகின்றதா என்பதே ஒரு ஸ்தாபனத்துக்குரிய உண்மையான பரீட்சை. சிவானந்த வித்தியாலயம் அப்பரீட்சையில் தேறியது.

சிதம்பரத்தில் இருந்த காலத்தும் அடிகளார் பல்கலைக்கழக மதிலுக்குள் அடங்கியிருந்தாரல்லர். அயலிலுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று எழுத்தறிவித்தார். கல்வி யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை அது. ஏட்டுக் கல்வியை மறுக்கப்பட்ட உழைப்பாளர் பரம்பரையில் வந்த மலைநாட்டு மக்களாகிய நாம் இச்செய்தியை நன்றியோடு நினைத்தல் தகும்.

பின்னர் சென்னையில் 1936இல் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டிய சொற்களை ஆக்கும் பணிக்கு வழிகாட்டினார். இமயத்து மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராயிருந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டதும், அடுத்த ஆண்டில் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆந் திகதி அடிகளார் கொழும்பில் இறையடி எய்தினார். அவரது திருமேனி சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைக்கப்பட்டது. உரிமை கொண்டாடாத இடத்திலேயே அவர் ஓய்வு கொண்டார்.

அடிகளார் மறைந்தபின் நாட்டின் கல்வி ஒழுங்கு முற்றாக மாறியது. இலவசக் கல்வித் திட்டம் 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோதே உதவி நன்கொடைப் பாடசாலைகளின் தலைவிதி மாறத் தொடங்கிவிட்டது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அப்பாடசாலைகளை அரசினர் நிருவாகத்துக்கும் உடைமைக்கும் கொண்டுவந்தன. முதலாந்தர, இரண்டாந்தரப் பாடசாலைகளுக்கு மட்டும், நன்கொடையும் இன்றிக் கட்டணமும் இன்றித் தனித்து நிற்கும் உரிமை கொடுக்கப்பட்டது. மிஷனின் பாடசாலைகளும் அரசினர் பாடசாலைகளாயின. மனேஜர் என்னும் பதவியே பழங்கதையாயிற்று.

இதனால் நன்மையா தீமையா என்று கேட்போர் உளர். ஒருபக்கம் மட்டும் பேசுதல் முறையன்று. மனேஜர்மாரின் தயவில் தொழில் பார்த்த ஆசிரியருக்கு நிலையான வேதனமும் உத்தியோகப் பாதுகாப்பும் கிடைத்தன. தம் சமயத்துக்குரியதல்லாத பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரின் மனக்கலக்கம் குறைந்தது. இவை பெரிய ஆதாயங்கள். ஆனால் பிடியரிசி கொடுத்தும் கிடுகு பின்னியும் தம் பாடசாலையைக் காத்த ஊராரின் கை அதனோடு தளர்ந்தது. இனி எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் புகுந்தது. தூரத்துக் கந்தோரில் இருப்பவருக்கு ஒழுகும் கூரையின் ஓசை கேட்பதில்லை. கேட்கும் தூரத்தில் இருப்பவருக்கோ தமக்கு அதில் உரிமை உண்டென்பதே மறந்துபோயிற்று.

இனி எமது மலைகளின் கதைக்கு வருவோம். கீழ்மாகாணத்தில் பாடசாலைக்கு மனேஜர் இருந்தார். அவருக்குப் பின்னே ஓர் ஊர் இருந்தது. பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலைச் சாரலிலும் அப்பூத்தளைத் தோட்டங்களிலும் நிலைமை வேறு. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. ஆகவே தோட்டப் பாடசாலையின் பொறுப்பாளர் தோட்டத் துரையே. பிரட்டுக்கு ஆள் கூட்டுபவரும் அவர். பாடசாலைக்கு வாத்தியாரை வைப்பவரும் அவர். பிள்ளை பத்து வயதில் படிப்பை நிறுத்திக் கொழுந்தெடுக்கப் போவதில் ஆதாயம் காணும் ஒரு நிருவாகத்தின் கையிலேயே அப்பிள்ளையின் படிப்பும் விடப்பட்டது. மேற்பார்வை இருந்தது, ஆனால் மேற்பார்ப்பவர் யாருக்குக் கணக்குச் சொன்னார்? இலண்டனிலோ கொழும்பிலோ இருந்த கம்பெனிக்கு. லயத்துக் காம்பிராவில் இருந்த தாய்க்கு அல்ல.

நல்ல துரைமார் சிலரும், இரவு பகல் பாராது உழைத்த வாத்தியார் பலரும் இருந்தனர் என்பதை நாம் மறக்கவில்லை. ஒரே அறையில் ஐந்து வகுப்புகளையும் தனி ஒருவராய் நடத்திய அவர்களது உழைப்பால் தலையெடுத்த குடும்பங்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் உண்டு. ஆனால் தனிமனிதரின் நற்குணத்தை நம்பி நிற்கும் பாடசாலை, அவர் மாற்றலாகிப் போன அன்றே தளர்ந்துவிடும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையானபின், 1977 முதல் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசினர் பொறுப்பில் வந்தன. கட்டடங்கள் பெருகின, பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தனர், எமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை ஏறினர். 2005இல் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் பதுளையிலேயே நிறுவப்பட்டது. ஆயினும் ஊராரின் பொறுப்பு என்ற அந்த ஒன்றை நாம் இழந்தோம் என்று கூறவும் வழியில்லை. எமக்கு அது முன்னர் கொடுக்கப்பட்டதேயில்லை.

இப்போதோ அது கொடுக்கப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபரைத் தலைவராகக் கொண்டு, பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. பொதுக்கூட்டம் உண்டு, வரவுசெலவை வாசிக்க வேண்டும் என்ற விதி உண்டு. அக்கூட்டத்துக்கு எம்மில் எத்தனை பேர் போகின்றோம்? கூட்ட நாளில் அரைநாட் சம்பளம் போய்விடும் என்று அஞ்சும் தாயைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. அவளுடைய வறுமை மெய். ஆனால் படித்து உத்தியோகம் பெற்றுப் பட்டணத்தில் குடியேறிய பிள்ளைகள் எங்கே? கோயில் திருவிழாவுக்குச் சந்தா கொடுத்து, ஒலிபெருக்கியில் தம் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டு மகிழ்பவர், கோயிலுக்கு எதிரேயுள்ள பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் எத்தனை மாதமாக இல்லை என்று கேட்பதுண்டா?

கேட்பது சண்டையன்று. கணக்கைக் காட்டச் சொல்வது அவமதிப்பும் அன்று. நேர்மையான அதிபருக்குக் கேள்வி கேட்கும் பெற்றோரே பெருந்துணை. ஏனெனில் மேலிடத்தில் வாதாடும்போது அவர் தனியராய் நிற்பதில்லை. கேட்பாரற்ற இடத்தில்தான் நல்லவரும் சோர்ந்துபோகின்றனர், அல்லாதவரும் துணிந்துவிடுகின்றனர். அதேவேளை, நிருவாகத்தில் இடம்பெறுவோர் அதனைத் தம் செல்வாக்கைக் காட்டும் களமாக்குவதும் ஆகாது. எந்தச் சாதியார், எந்தத் தோட்டத்தார், எந்தத் தொழிற்சங்கத்தார் என்று பார்த்து ஆசனம் பகிர்ந்தால், துரைமார் போன இடத்தில் புதுத் துரைமாரை வைத்தவர்களாவோம்.

ஆகவே அடிகளாரின் வாழ்விலிருந்து எம் இளைஞர் கைக்கொள்ள வேண்டியவை மூன்று என்று துணிகின்றோம். பாடசாலையை நடத்துபவர் எவரும் அதற்கு உடைமையாளர் அல்லர் என்பது ஒன்று. கேட்பதற்கு முன்னரே கணக்கைக் காட்டுவது இரண்டு. தாம் விலகிய பின்னும் நடக்கும்படி வேறொருவரைப் பழக்கி வைத்துவிட்டு, உரிய காலத்தில் ஆசனத்தை விட்டெழுவது மூன்று. இவற்றுள் மூன்றாவதே மிகக் கடினமானது. சங்கங்களில் இருபது ஆண்டு ஒரே பதவியில் இருப்பதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் எம்மிடையே உண்டு. மானிப்பாயை ஈராண்டிலும் கல்லடியை ஈராண்டிலும் விட்டெழ வல்லவராயிருந்த ஒருவரின் படத்துக்கு மாலை சூட்டும்போது, மூத்தோராகிய நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக.

இளைஞரே, அடிகளாரின் நினைவு நாளில் சொற்பொழிவு நடத்துங்கள், யாழ்நூலின் பெருமையைப் பேசுங்கள், நாம் தடுக்கவில்லை. அத்துடன் அவ்வாண்டில் உமது தோட்டத்துப் பாடசாலையின் பொதுக்கூட்டத்துக்கு ஒருமுறை சென்று அமருங்கள். அறிக்கையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதத் தெரியாத பெற்றோர் பக்கத்தில் இருந்தால், வாசிக்கப்பட்டதை அவர்களுக்கு விளங்கச் சொல்லுங்கள். காரைதீவுத் துறவி திருவேட்களத்துச் சேரியில் செய்த தொண்டின் சிறு துளி அதுவாகும். எம்பெருமான் கதிர்காமக் கந்தன் அதற்கு வேண்டிய மனவுறுதியை எம் அனைவருக்கும் அருள்வானாக.